துடைப்பம்

இந்த வேலைக்கு எங்கள் பள்ளத்தாக்கில்
துடைப்பம் என்று பெயர்.
கடைசி ஓட்டக்காரருக்கும் பின்னால் போக வேண்டும்.
பாறையிடுக்கில் செருகியிருக்கும் ஆரஞ்சுக் கொடிகளைப்
பிடுங்கிப் பையில் போட வேண்டும்.
முந்தக் கூடாது.
பேச்சுக் கொடுக்கலாம், கை கொடுக்கக் கூடாது.

மொத்தம் நூற்றிமுப்பது கிலோமீட்டர்.
ஏற்றங்களைக் கூட்டினால் விமானம் பறக்கும் உயரம் என்று
விளம்பரத்தாளில் போட்டிருந்தான் தார்சீசியோ.
விமானத்தில் காபி தருவார்கள்,
அதைப் போடவில்லை.

இரண்டாவது இரவு.
ஜெயித்தவன் நேற்றே குளித்துவிட்டான்.
எனக்கு முன்னால் மிச்சம் ஒரே ஒரு விளக்கு:
ஃபுல்வியா ரோங்கி, எண் 317,
ப்ரெஷியாவில் ஒரு பல் மருத்துவரிடம் கணக்கெழுதுபவள்.
வயது ஐம்பத்திரண்டு. வாந்தி, இதுவரை மூன்று முறை.

பாறைச்சரிவு தொடங்கியது.
ஃபிரிட்ஜ் அளவில் சில, சவப்பெட்டி அளவில் சில.
எது ஆடும் என்று
ஏறி நிற்கும்வரை அந்தக் கல்லுக்கே தெரியாது.
இங்கே யாரும் ஓடுவதில்லை.
ஓட்டம் என்ற சொல்லைக் கார் சாவியோடு
கீழேயே விட்டுவிட்டு வருகிறோம்.
கால் துழாவும். கை துழாவும்.
கைத்தடி நுனி கல்லில் டிக் என்னும்,
அப்புறம் வெகுநேரம் மூச்சு மட்டும்.

சங்கிலி கட்டிய இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.
செப்டம்பர் பனியில் இரும்பு கையுறையைப் பிடித்திழுத்தது.
விளக்கைக் கீழே திருப்பினாள்.
வெளிச்சம் எதிலும் போய் விழவில்லை.
"எண்ணிக்கொண்டே போகட்டுமா?"
"எதை?"
"பல்லை."
மேல்வரிசை, இடமிருந்து வலம்.
பிறகு கீழ்வரிசை.
ஒரு பிடிக்கு ஒரு பல்.
இருபத்தெட்டோடு நின்றது குரல்.
ஞானப்பல் நான்கையும் பிடுங்கியாயிற்றாம்.
கடைசி நான்கு பிடிகளை
எண்ணே இல்லாமல் கடந்தாள்.

கணவாய்க் குடிசைக்கு நாலு மணிக்குள் வர வேண்டும்.
நாலு பதினொன்று.
இவோ கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி
முதலில் சூப்பு கொடுத்தான்.
அவள் குடித்து முடிக்கும்வரை
சுவரில் மாட்டியிருந்த பழைய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு அவளே மார்பை முன்னே நீட்டினாள்.
317-இன் ஓரம், விரல்நகம் அளவுக்கு, தரையில் விழுந்தது.

குடிசைக்குச் சாலை கிடையாது.
திரும்பினால் அதே சங்கிலி.
முன்னே போனால் கணவாய், பின் ஊர் வரை இறக்கம்.
போட்டி முடிந்துவிட்டது,
மலை முடியவில்லை.
சூப்புக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.
"மிச்சக் கொடியெல்லாம் நீ ஒருத்தனாகவா பிடுங்குவாய், எலிஜியோ?"

அப்படித்தான் துடைப்பம் இரண்டானது.
வலப்பக்கம் அவள், இடப்பக்கம் நான்.
விடியும்போது மார்மட் ஒன்று விசிலடித்தது.
மேலே கொம்பாடுகள் அசைபோட்டபடி
ஆரஞ்சுப் பை தூக்கிய இரண்டு பைத்தியங்களைப் பார்த்தன.
அவள் சொன்னாள்:
"இரண்டு நாளாக நான்தான் கடைசி என்று அழுதேன்.
கடைசி நீதானே, சொல்லக் கூடாதா?"
"கேட்கவில்லையே நீ."
முழங்கால் வலியோடு சிரித்தால்
சிரிப்பும் நொண்டும்.

ஊர்ச்சதுக்கத்தில் மதியம்.
காற்றுப் போன வளைவு தரையில் கிடந்தது.
அதன்மேல் உருண்டு உருண்டு
மிச்சக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தான் தார்சீசியோ.
யாரும் கைதட்டவில்லை.
ஒரு நாய் வந்து அவள் காலணியை முகர்ந்து, யோசித்து, போய்விட்டது.

அவள் பையைக் கவிழ்த்தாள்.
பத்துப் பத்தாக அடுக்கினாள்.
என் பகுதிக்குக் கொடுத்தவை இருநூற்றிநாற்பது.
"கணக்கில் ஒன்று உதைக்கிறது," என்றாள்.
மறுபடி எண்ணினாள்.
மறுபடியும் உதைத்தது.

காற்று அடித்துப் போயிருக்கும் என்றேன்.

அது சங்கிலிக்கு இடப்பக்கம்,
ஒரு முழத் தொலைவில் இருந்தது.
எட்டியிருக்கலாம்.
ஒரு கையை விட வேண்டும், அவ்வளவுதான்.
அவள் முன்னால் பல்லை எண்ணியபோது
பின்னால், சத்தமில்லாமல்,
நானும் எண்ணிக்கொண்டிருந்தேன்.